பத்து டிகிரி குளிர்ல வெள்ளரிக்கா சாலட் யாரு திம்பா

ராத்திரி எட்டரை மணி, வெளிய பனி எறங்கிக் கெடக்கு, கதவு இடுக்குல பழைய துணிய வச்சு அடைச்சும் காத்து உள்ள வருது, நான் ஸ்வெட்டருக்கு மேல ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கிண்ணம் நெறைய வெள்ளரிக்கா தக்காளி வெங்காயம் நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வச்சு உக்காந்திருக்கேன். யூட்யூப்ல ஒரு தம்பி சொன்னாப்ல, ராத்திரிக்கு இது மட்டும் சாப்பிடுங்க, ஒரே மாசத்துல ஆறு கிலோ போயிரும்னு. அந்தத் தம்பி கை இல்லாத பனியன் போட்டுக்கிட்டு, நெத்தியில வேர்வையோட பேசுறாப்ல. நான் இருக்கறது கொடைக்கானல். நாலாவது வாய்க்கே பல்லு கூசிப் போச்சு. அடுப்படியில இருந்து எட்டிப் பாத்த அம்மா, "ஏய்யா, ஆட்டுக்கு அறுத்துப் போட்ட மாதிரி இருக்கு, அதப் போய் திங்கிற"ன்னுச்சு.

பதினொரு மணிக்கு பசி தாங்கல. எந்திரிச்சு மிச்சம் இருந்த சோத்துல வத்தக்குழம்ப ஊத்தி, சத்தம் கேக்காம நாலு அப்பளம் பொரிச்சு (அப்பளத்த சத்தம் கேக்காம பொரிக்கலாம், கடிக்கத்தான் முடியாது) தின்னுட்டுப் படுத்தேன். மூணு நாள் இதே கூத்து. நாலாம் நாள் மெஷின்ல ஏறிப் பாத்தா ஒரு கிலோ கூடியிருந்துச்சு.

இது 2024 ஜனவரி. அப்ப என் எடை 88, உயரம் 168 சென்டிமீட்டர். மூஞ்சிக்கல் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை, கூடவே கூரியரும் எடுக்கறேன், நாள் பூரா உக்காந்த எடத்துலயே வேலை. வீட்டுக்காரம்மா நர்ஸு, மாசத்துல பாதி நாள் நைட் டூட்டி, அதனால ராத்திரி சமையல் ரொம்ப வருஷமாவே என் கையிலதான். பொண்ணு மதுரையில ஹாஸ்டல்ல இருக்கா. ஆக ராத்திரி தட்டு மூணு, எனக்கு, அம்மாவுக்கு, டூட்டி இல்லாத நாள்ல அவங்களுக்கு. காலையில வெறும் வயித்துல சுகர் 112 வந்துச்சு, ஸ்கேன்ல ஈரல்ல கொழுப்புன்னு எழுதியிருந்துச்சு. வெறும் வயித்துல 100-க்கு மேல 125 வரைக்கும் இருந்தா சர்க்கரை வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற கணக்கு) 23 தாண்டுனாலே அதிகம், 25 தாண்டுனா உடல் பருமன் கணக்கு, எனக்கு 31. "இதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லங்க"ன்னுட்டு டூட்டிக்குக் கெளம்பிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

நடுவுல ஒரு பவுடர் கதையும் இருக்கு, தெரிஞ்ச ஒருத்தர் தலையில கட்டுன ஷேக், ராத்திரி சாப்பாட்டுக்கு பதிலா பால்ல கலக்கிக் குடிக்கணும், மாசத்துக்கு ஆன காசுக்கு மூணு பேருக்கு மீனே வாங்கியிருக்கலாம். அத விடுங்க.

எனக்கு புத்தி வந்தது தராசுலதான். கடையில கூரியர் பார்சல் எடை போடற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு இருக்கு. ஒரு நாள் ஆப் சீசன், மழை, ஆளே இல்ல, அம்மா தூக்குச்சட்டியில ராத்திரி சோறு குடுத்து விட்டிருந்துச்சு. சும்மா இருக்க முடியாம தட்ட வச்சு ஜீரோ பண்ணிட்டு, எப்பவும் போடற அளவுக்கு சோத்த மட்டும் போட்டேன். 520 கிராம். கூரியர்ல அரை கிலோ தாண்டுனா அடுத்த ரேட்டு. நான் தின்ன சோத்த கூரியர்ல அனுப்பியிருந்தா ஒரு கிலோவுக்கு பில் போட்டிருப்பேன். அந்த நேரம் பாத்து பார்சலோட ஒருத்தர் உள்ள வந்து தராசுல இருக்கற சோத்தப் பாத்தார், என்னையப் பாத்தார், ஒண்ணும் கேக்கல.

வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி பக்கம். 520-க்கு கிட்டத்தட்ட 680. அதுக்கு மேல குழம்பு, பொரியல், அப்பளம், கடைசியா தயிர் ஊத்திக்க இன்னும் ரெண்டு கரண்டி சோறு. அதெல்லாம் முடிச்சு ஒம்பதரைக்கு எந்திரிச்சு பத்து மணிக்கு கம்பளிக்குள்ள போறவன் நான். அம்மா ஊரு ஆடலூர் பக்கம், அங்க காப்பித் தோட்டத்துல நாளெல்லாம் மேடு ஏறி எறங்குன ஆளுங்க தின்ன அளவுதான் அது. தோட்டம் போயிருச்சு, நான் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன், அளவு மட்டும் அப்படியே தலைமுறை தலைமுறையா வந்து சேந்துருக்கு.

சரி, சோத்தக் கொறைக்கணும்னு தெரிஞ்சு போச்சு, ஆனா எப்படி? இங்கதான் சாலட் தம்பிக்கும் எனக்கும் தகராறு. கீழ, மதுரை திண்டுக்கல்ல, ராத்திரி வேர்க்குது, பச்சையா ஏதாவது தின்னா நல்லாத்தான் இருக்கும். இங்க டிசம்பர் ஜனவரியில ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ போகுது. எனக்குப் பட்டது என்னன்னா, ஏழு மணிக்கு வர்ற பசியில பாதி பசியே கெடையாது, உடம்பு சூடு கேக்குது. சூட்டுக்குத்தான் நாலு மணிக்கு பஜ்ஜி, அஞ்சு மணிக்கு டீ, ஆறு மணிக்கு இன்னொரு டீயும் பட்டர் பிஸ்கட்டும், அப்பறம் ராத்திரி ஆவி பறக்க ஒரு மலை சோறு. அந்தச் சூட்ட வேற ஏதாவதுல குடுத்துட்டா?

அதனால நான் பண்ணுனது ஒண்ணே ஒண்ணுதான், ராத்திரி தட்டு போடறதுக்கு முன்னாடி ஒரு பெரிய டம்ளர் நெறைய தண்ணியா, காரமா, கொதிக்கக் கொதிக்க எதையாவது குடிக்கறது. ரசமோ, காய் வேகவச்ச தண்ணியோ, கொள்ளுத்தண்ணியோ. மொளகு நல்லா இருக்கணும், மூக்குல தண்ணி வரணும். குடிச்சிட்டு பத்து நிமிஷம் அம்மாகூட டிவி பாக்கறது, அப்பறம்தான் தட்டு. மொத நாளே வித்தியாசம் தெரிஞ்சுச்சு, சத்தியமா. சோத்துக் கரண்டிய எடுக்கறப்ப கை அவ்வளவு அவசரப்படல.

இப்ப என்னென்ன பண்றேன்னு சொல்றேன். டயட் சார்ட் மாதிரி எல்லாம் எதிர்பாக்காதீங்க, திங்கக்கிழமை இது செவ்வாக்கிழமை அதுன்னு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுனது மூணு வாரத்துல கிழிஞ்சு போச்சு.

அடிக்கடி செய்யறது சௌசௌ கூட்டு. கீழ சில பேரு பெங்களூர் கத்திரிக்கான்னு சொல்லுவாங்க. நம்ம கீழ்மலையில தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பன்றிமலைன்னு எங்க பாத்தாலும் பந்தல் போட்டு வெளையறது இதுதான். வெல விழுந்தா பறிக்கற கூலிக்குக் கூட கட்டாம பந்தல்லயே விட்டுருவாங்க, அப்படி ஒரு காய், எங்க வீட்டுலயே இத யாரும் மதிச்சதில்ல. ஆனா 100 கிராமுக்கு 20 கலோரி கூட வராது, பெரும்பகுதி தண்ணி. ஒரு சட்டி நெறைய தின்னாலும் ஒண்ணும் ஆகாது, எடை குறைக்கறவனுக்கு இத விட என்ன வேணும்.

தோல் சீவறப்ப மட்டும் ஒரு விஷயம். வெட்டுன எடத்துல இருந்து ஒரு பிசின் வரும், கண்ணுக்கு சரியா தெரியாது, கையில பட்டு காஞ்சதும் தோல இழுத்துப் பிடிக்கும், பசை தடவுன மாதிரி வெரலு மரத்துப் போயிரும், சோப்புப் போட்டாலும் லேசுல போகாது. தண்ணிக்குள்ள வச்சு சீவணும், இல்லன்னா கையில நாலு சொட்டு எண்ணெய் தடவிக்கணும். அம்மா ரெண்டா வெட்டி வெட்டுன பக்கத்த ஒண்ணோட ஒண்ணு தேய்க்கும், நொரை மாதிரி வெள்ளையா வரும், அதக் கழுவிட்டு சீவும். நடுவுல இருக்கற கொட்டையத் தூக்கிப் போடாதீங்க, வெந்ததும் பாதாம் மாதிரி நல்லா இருக்கும், எங்க வீட்ல அதுக்கு சண்டையே நடக்கும்.

மூணு பேருக்கு ரெண்டு பெரிய காய், பாசிப்பருப்பு 100 கிராம். பருப்ப வெறும் சட்டியில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து, காயோட சேத்து மஞ்சத்தூள் போட்டு குக்கர்ல. எங்க ஊர்ல குக்கர் இல்லாம பருப்பு வேகவைக்கறது தவம். ஏழாயிரம் அடி உசரத்துல தண்ணி 93 டிகிரியிலயே கொதிச்சிரும், 100 வரைக்கும் போகாது, அதனால தண்ணி தளதளன்னு கொதிக்கும், பருப்பு அப்படியே முழிச்சுக்கிட்டு கெடக்கும். குக்கர்ல கூட கீழ மூணு விசில்னா இங்க அஞ்சு வைக்கணும். திண்டுக்கல்ல இருந்து வந்த என் தங்கச்சி புருஷன் ஒரு தடவ நான் சமைக்கறேன் மச்சான்னு எறங்கி ஒன்றரை மணி நேரம் திறந்த சட்டியில துவரம்பருப்போட போராடிட்டு கடைசியில எல்லாரும் ரசஞ்சோறு தின்னோம்.

வெந்ததும் சீரகம், மொளகு, ரெண்டு பச்ச மொளகா, துருவுன தேங்கா ரெண்டு ஸ்பூன் மட்டும் அரைச்சு ஊத்தணும். முன்னாடி அரை மூடி தேங்கா போவோம். தாளிக்க ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெய், கடுகு, கருவேப்பிலை, நசுக்குன மலைப்பூண்டு நாலு பல்லு. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வெளையுற இந்தப் பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, அதுக்கப்பறம் டூரிஸ்ட் கடைகள்ல அது பேர்ல என்னென்னமோ விக்கறாங்க, அது வேற கதை. ஒரு பல்லு நசுக்கினா அடுப்படியே மணக்கணும், அதான் அடையாளம். கூட்ட எறக்கறதுக்கு முன்னாடி மேல தெளிஞ்ச தண்ணிய ஒரு டம்ளர் எடுத்து, மொளகு தட்டிப் போட்டா அதுவே அந்த மொத டம்ளர். அப்பறம் தட்டுல கூட்டு மூணு பெரிய கரண்டி, சோறு ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தையும் தராசுல வச்சுப் பாத்துட்டேன், 160 கிராம். முன்னாடி சோத்துக்கு கூட்டு தொட்டுக்கிட்டேன், இப்ப கூட்டுக்கு சோறத் தொட்டுக்கறேன்.

அம்மாவுக்கு இது தாங்கல. மொத ஒரு வாரம் எனக்குத் தெரியாம என் தட்டுல சோத்துக்கு அடியில இன்னொரு கரண்டிய அமுக்கி வைக்கும். "அம்மா, நான் போட்டுக்கறேன்"னா, "ஏன், நான் போட்டா வெசமா?"ன்னு கேக்கும். எம்பது வயசு ஆகப் போகுது, பதில் சொல்லி ஜெயிக்க முடியுமா. கடைசியில தட்ட மாத்தினேன், ஓரம் வச்ச சின்ன எவர்சில்வர் தட்டு, அதுல ஒளிச்சு வைக்க எடமே கெடையாது.

அடுத்து பயறு அடை. இது மலையில இருக்கறவங்களுக்குன்னே கடவுள் படைச்சது. ஏன்னா மழைக்காலம் தொடங்கிட்டா இங்க இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. மாவுச்சட்டிய கம்பளியில சுத்தி, அடுப்பு பக்கத்துல வச்சு, என் பழைய மங்கி குல்லாவ மூடிக்கு மாட்டி எல்லாம் பாத்தாச்சு, ரெண்டாம் நாள் காலையிலயும் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். பயறு அடைக்கு புளிக்கவே வேணாம். பாசிப்பயறு 200 கிராம் ஆறு ஏழு மணி நேரம் ஊறவச்சு, இஞ்சி, பச்ச மொளகா, சீரகம், உப்பு போட்டு கொரகொரன்னு அரைச்சு நேரா கல்லுல ஊத்த வேண்டியதுதான். மேல பொடியா நறுக்குன வெங்காயம், கேரட் துருவல், கொத்தமல்லி. கல்லு நல்லா காஞ்சிருக்கணும், அடைக்கு அரை ஸ்பூன் எண்ணெய் போதும், மூடி போட்டு வேகவிட்டா எண்ணெயே தேட வேணாம். 200 கிராம் பயறுல 48 கிராம் பக்கம் புரதம் இருக்கு, மூணு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு 16. ஆளுக்கு ரெண்டு அடை, தக்காளியும் பூண்டும் வதக்கி அரைச்ச சட்னி. தேங்கா சட்னி ஞாயித்துக்கிழமை மட்டும். இது தின்ன நாள்ல பதினொரு மணி அப்பளம் ஞாபகத்துக்கே வராது.

கொள்ளு பத்தி சொல்லாம விட்டா கோச்சுக்குவீங்க. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லிச் சொல்லியே கொள்ளு கொழுப்பக் கரைச்சிரும்னு எல்லாரும் நம்புறாங்க. கடைக்கு வர்ற ஒரு அண்ணன் காலையில கொள்ளுத்தண்ணி குடிச்சிட்டு அதுக்கப்பறம் நாலு பரோட்டா சாப்பிடுவார், கரைஞ்சிரும்னு. ஒண்ணும் கரையாது. அதுல புரதம் 100 கிராமுக்கு 22 கிராம் பக்கம், நார்ச்சத்தும் நெறைய, மெதுவா செரிக்கும், பசி சீக்கிரம் வராது, அவ்வளவுதான் அதோட மகிமை, அதுவே போதும்னு நெனைக்கறேன். ராத்திரி ஊறவச்சு மறுநாள் சாயங்காலம் குக்கர்ல ஏழெட்டு விசில். தண்ணிய வடிச்சு புளி கொஞ்சமா, மொளகு சீரகம் பூண்டு தட்டிப் போட்டு ரசம். வெந்த கொள்ள வெங்காயம் வதக்கி சுண்டல். ரசத்துல பாதி டம்ளர்ல குடிச்சு, மீதிய சோத்துல ஊத்தி, சுண்டல தொட்டுக்கிட்டா ஒரு ராத்திரி முடிஞ்சுது. ஜனவரியில இந்த ரசத்துக்கு ஈடே கெடையாது.

கேப்பையிலயும் நான் ஏமாந்தேன், அதையும் சொல்லிடறேன். சிறுதானியம் தின்னா எடை குறையும்னு நெனச்சு சோத்த விட்டுட்டு ராத்திரி கேப்பைக்களி ஆரம்பிச்சேன், ரெண்டு பெரிய உருண்டை, கருவாட்டுக் குழம்பு. ஒரு மாசம். முள்ளு அசையல. அப்பறம் பாத்தா கேப்பை மாவும் அரிசியும் கலோரியில கிட்டத்தட்ட ஒண்ணுதான், 100 கிராம் மாவுக்கு 320, 330 வருது, அரிசி 350 பக்கம். கேப்பையில சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு, அரிசியில பத்து கூட இல்ல, நார்ச்சத்தும் கூட, அதுக்காக தின்னலாம், கட்டாயம் தின்னுங்க, அம்மாவோட மூட்டுக்காக வாரத்துல ரெண்டு நாள் நாங்க பண்றோம். ஆனா உருண்டை எலுமிச்சங்கா அளவா தேங்கா அளவாங்கறதுதான் கணக்கு. இப்ப ஆளுக்கு 60 கிராம் மாவு, கூட ஒரு சட்டி கீரை. கருவாட்டுக் குழம்புல எண்ணெய் மெதந்தா நான் பொறுப்பில்ல.

முட்டை ராத்திரிக்கு ரொம்ப நல்லது, அதுவும் முட்டைக்கோஸ்ல. கோஸ மெல்லிசா அரிஞ்சு, ஒரு ஸ்பூன் எண்ணெயில பாதி வதங்குனதும் ஆளுக்கு ரெண்டு முட்டை ஒடச்சு ஊத்தி மொளகுத்தூளோட கிளறுனா பத்து நிமிஷ வேலை. ஒரு சப்பாத்தி போதும், ரெண்டாவது வேணாம்னு தோணும். வீட்டுக்காரம்மா நைட் டூட்டிக்கு டப்பால கட்டிக்கிட்டுப் போறது இதுதான். கோழி, மீனு எல்லாம் வாரத்துக்கு ஒரு நாள், தோலு இல்லாம, தேங்கா அரைக்காம, மீன் கீழ இருந்து வர்றதால எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல.

ஆமா, பட்டர் பீன்ஸ். ஞாயித்துக்கிழமை சந்தையில வில்பட்டி, பள்ளங்கி பக்கத்துல இருந்து வர்ற பச்ச பட்டர் பீன்ஸ் கெடைக்குமே, உரிச்சா வெள்ளையா மெழுகு மாதிரி, அத வாங்காம திரும்பாதீங்க. அது ஊறவும் வேணாம். தக்காளி வெங்காயத்தோட குக்கர்ல வச்சு, கடைசியில ஒரு கை கேரட் போட்டு மசாலா கொஞ்சமா தூவி எறக்குனா கெட்டியா வரும், தேங்காப்பால் ஊத்துன குருமாவுக்கு எந்த விதத்துலயும் கொறைச்சல் இல்ல. பீன்ஸே மசிஞ்சு குழம்பக் கெட்டியாக்கிரும். இதுவும் மாவுச்சத்துதான், அதனால இது வச்ச அன்னிக்கு சோறு இன்னும் கொஞ்சம் கம்மி.

எண்ணெய் விஷயத்துல ஒரு கணக்கு போட்டேன், அதப் பாத்துதான் வீட்டுக்காரம்மாவே அசந்துட்டாங்க. முன்னாடி எங்க வீட்ல மூணு பேருக்கு மாசம் நாலு லிட்டர். ஒரு லிட்டர் 920 கிராம், நாலுக்கு 3680 கிராம். மூணு ஆளு, முப்பது நாள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 41 கிராம். கிராமுக்கு 9 கலோரி. ஒரு நாளைக்கு 370 கலோரி வெறும் எண்ணெயிலயே உள்ள போயிருக்கு, தட்டுல ஒண்ணும் தெரியாது, வயிறும் நெறையாது. காரணம் என்னன்னா எங்க வீட்ல எண்ணெய் தூக்குல இருந்து அப்படியே சாய்க்கறது பழக்கம், குளிருக்கு தேங்கா எண்ணெய் ஒறைஞ்சு போய் கட்டியா விழும், விழுந்தது விழுந்ததுதான். இப்ப தூக்குக்குள்ள ஒரு டீஸ்பூன் போட்டு வச்சிருக்கோம். சாய்க்கக் கூடாது, அள்ளணும். மாசம் ரெண்டு லிட்டர்ல நிக்குது. அம்மா மட்டும் நான் இல்லாதப்ப சாய்க்கும், பொரியலப் பாத்தாலே தெரியும்.

நேரத்தையும் மாத்தினேன், ஒம்பதரைய ஏழரைக்குக் கொண்டு வந்தேன். அதுக்கு மெனக்கெடவே இல்ல, காட்டுமாடு உதவி பண்ணுச்சு. ஆப் சீசன்ல ஏழு மணிக்கு மேல எங்க தெருவுல அதுங்க ராஜ்ஜியம், குப்பைத்தொட்டி பக்கத்துல லாரி கணக்கா நிக்கும், பனியில பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. அதனால கடைய ஏழுக்கு சாத்திட்டு ஓடி வந்துருவேன். சாப்ட்டுட்டு கொஞ்ச தூரம் நடங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, இங்க நடந்தா மாடு நம்மள நடத்தும். காலையில வெளிச்சம் வந்தப்பறம் ஏரியச் சுத்துவேன், ஒரு சுத்து அஞ்சு கிலோமீட்டர் பக்கம், வாரத்துல நாலு நாள் போனா பெருசு.

எல்லாம் நல்லபடியா போச்சுன்னு நெனைக்காதீங்க. ஏப்ரல் வந்தப்ப 83.5. அப்பறம் சீசன். 2024 மே 7-ல இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துச்சுல்ல, வர்றவங்க பாதிப் பேரு மலை ஏறி வந்தப்பறம்தான் பிரிண்ட் எடுக்கணுமா, திரும்பப் போறதுக்கும் வேணுமான்னு கடையில வந்து நிக்கறாங்க, ராத்திரி பத்து வரைக்கும் கூட்டம். சாப்பாடு கடையிலயே, எதிர்க்கடை பரோட்டா, கூட்டம் குறையற நேரத்துல ஒரு பிரெட் ஆம்லெட், தூக்கம் வராம இருக்க டீ, டீக்கு ரெண்டு ஸ்பூன் சக்கரை. ஜூன்ல பாத்தா 85.6. அந்த ரெண்டு கிலோவ எறக்க ஆகஸ்ட் ஆச்சு. அடுத்த சீசனுக்குன்னு கடையில ஒரு பிளாஸ்க் வாங்கி வச்சிருக்கேன், சாயங்காலம் ஆறரைக்கு அம்மா ரசம் ஊத்திக் குடுத்து விடும், கூட ரெண்டு பயறு அடை, கூட்டம் இருந்தாலும் கல்லாவுக்குக் கீழ உக்காந்து தின்னுட்டுத்தான் அடுத்த பிரிண்டு.

பத்து மாசத்துல 78.2. மாசத்துக்கு ஒரு கிலோவே தேறுது, ஆறு கிலோ தம்பி கேட்டா சிரிப்பாப்ல. பேன்ட் ரெண்டு இஞ்சு பிடிச்சாச்சு, சுகர் 96-க்கு வந்துருச்சு. இன்னும் எட்டு கிலோ எறங்குனாத்தான் பிஎம்ஐ 25-க்குக் கீழ போவேன், போவேனான்னு தெரியாது. ஒண்ணு மட்டும் வீட்டுக்காரம்மா எழுதச் சொன்னாங்க, ஏற்கனவே சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கறவங்க நான் பண்ணுன மாதிரி திடீர்னு ராத்திரி சோத்த பாதியாக் கொறைச்சிராதீங்க, லோ சுகர் ஆகி நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு வர்ற கேஸ அவங்க நெறைய பாக்கறாங்களாம், டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை அளவையும் பாத்துட்டு செய்யுங்க.

சாப்ட்டு முடிச்சப்பறம் ஏதாவது இனிப்பு கேக்கும் வாய். அதுக்கு ஒரு மலைவாழைப்பழம், சின்னது, ஒண்ணே ஒண்ணு. சீப்ப மேஜையில வைக்காதீங்க, உள்ள வைங்க. மேஜையில வச்சா நாலு போயிரும், எனக்குத் தெரியும்.

இத எழுதிக்கிட்டு இருக்கறப்பதான் ஞாபகம் வருது, இன்னிக்கு ராத்திரி அடைக்கு பயறு ஊறப் போடவே இல்ல. மணி அஞ்சே கால் ஆச்சு. இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியில போட்டா நாளைக்குத்தான் ஊறும். இப்படி ஆகற நாள்ல முழுப் பயற விட்டுட்டு தோல் நீக்குன பாசிப்பருப்ப எடுத்துக்கணும், கை பொறுக்கற சூட்டுல வெந்நீர் ஊத்தி மூடி வச்சா முக்கா மணி நேரத்துல அரைக்க வந்துரும். அடை கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், ஓரம் முறுகாது, ஒரு ஸ்பூன் அரிசி மாவு சேத்தா சரியாயிரும். அம்மாவுக்கு போன் போட்டு பருப்ப ஊற வைக்கச் சொல்லணும், வெந்நீர் எவ்வளவு சூடுன்னு கேட்டு பத்து நிமிஷம் பேசும்.